உங்களுக்குத் தெரியுமா? கூடைப்பந்தில் பதினெட்டு ஆண்டுகள்

சிலமலையில் பஸ் ஏறி, போடி, தேனி தாண்டினால் பெரியகுளம். மே மாதமானால் அந்த ஊரில் மாம்பழத்தோடு கூடைப்பந்தும் களைகட்டும். அங்கே சில்வர் ஜூப்ளி விளையாட்டுக் கழகம் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஆனால் அது ஆண்களுக்கான கோப்பை. பெண்கள் பக்கம் தமிழ்நாடு தந்த பெரிய பெயர் அனிதா பால்துரை.

சென்னைப் பெண். பந்தைத் தொட்டது 11 வயதில். 19 வயதிலேயே இந்திய அணியின் கேப்டன்! பள்ளி முடித்த பிள்ளைகள் கல்லூரியில் கால் வைத்திருக்கும் வயது அது. 2000 தொடங்கி 2017 வரை அவர் நாட்டுக்காக ஆடினார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆசியச் சாம்பியன்ஷிப்பில் ஒன்பது முறை களமிறங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். முழங்காலும் கணுக்காலும் சீக்கிரம் தேய்ந்துவிடும் இந்த ஆட்டத்தில் இத்தனை காலம் தாக்குப்பிடிப்பது அசாத்தியம்.

அவருக்குச் சோறு போட்டது தெற்கு ரயில்வே வேலை. ஐரோப்பாவில் குரோஷியா போன்ற சின்ன நாடுகளின் வீரர்கள்கூட கிளப் சம்பளத்திலேயே வாழ்ந்துவிடலாம்; இங்கே ரயில்வே, வங்கி, ராணுவம்தான் கதி.

2017இல் பெங்களூரு ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75–73 என்று வீழ்த்தி ‘பி’ பிரிவிலிருந்து ‘ஏ’ பிரிவுக்கு ஏறினார்கள். 2021இல் அனிதாவுக்குப் பத்மஸ்ரீ.

அடுத்த மே மாதம் பெரியகுளம் போகிறீர்களா? மகளையும் கூட்டிப் போங்கள்.