பசுமைக்குடில் கீரையில் பூச்சிமருந்து எவ்வளவு நாள் தங்கும்? எப்படி அளக்கிறார்கள்?

கீரை, லெட்யூஸ் போன்றவற்றில் பூச்சிமருந்து ஏன் அதிகம் படிகிறது? எடை குறைவு, இலைப்பரப்பு அதிகம். தெளித்த துளி நாம் உண்ணும் பகுதியிலேயே விழுகிறது.

திறந்த வயலில் மழை மருந்தைக் கழுவும். வெயிலின் புறஊதாக் கதிர் மூலக்கூறை உடைக்கும். பசுமைக்குடிலில் மழை இல்லை. கூரைத்தாள் புறஊதாக் கதிரில் ஒரு பங்கைத் தடுக்கிறது. அதனால் பல மருந்துகள் அங்கே மெதுவாகவே குறைகின்றன. இலையின் நொதிகள் செய்யும் சிதைவும், இலை வளர்வதால் செறிவு குறைவதும் அங்கும் தொடர்கின்றன.

எப்படி அளப்பது? தெளித்த ஈரம் உலர்ந்ததும் முதல் மாதிரி; பிறகு 1, 3, 5, 7, 10ஆம் நாட்களில். உறையவைத்து அரைத்த இலை 10 கிராமில் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றிக் குலுக்குவார்கள். மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் சேர்த்ததும் நீர் பிரிந்துவிடும். மருந்து கரைப்பானில் தங்கும். 2003இல் வெளியான 'குயெச்சர்ஸ்' முறை இது. பச்சையம் அளவீட்டைக் கெடுக்கும் என்பதால் அதைக் கரித்தூளால் நீக்கி, சாற்றைக் குரோமட்டோகிராஃபி கருவிக்கு அனுப்புவார்கள்.

உதாரணமாக, மருந்து கிலோவுக்கு 4 மில்லிகிராமில் தொடங்கி, 3 நாளுக்கு ஒருமுறை பாதியானால், 6ஆம் நாளில் 1 மில்லிகிராம் மிஞ்சும். சட்ட வரம்பு அதுவே என்றால், 6ஆம் நாளுக்கு முன் அறுவடை கூடாது.

சிதைந்தாலே ஆபத்து நீங்கிவிடாது. அசிபேட் சிதைந்து, அதைவிட நச்சான மெத்தமிடோபாஸ் உருவாகிறது. அதையும் சேர்த்தே அளக்க வேண்டும். மருந்தின் லேபிளிலுள்ள காத்திருப்பு நாட்களை விவசாயி ஒருபோதும் குறைக்கக் கூடாது.