மோட்டார் வாகனமும் எரிபொருட் சிக்கனமும்

மாணவர்களே, 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூ.ஆர். முறையின் கீழ் ஒரு காருக்கு வாரத்திற்கு 20 லீற்றர் பெற்றோலே முதலில் ஒதுக்கப்பட்டது. சீனக்குடாவில் 99 பாரிய எண்ணெய்த் தாங்கிகள் அமைந்துள்ள எமது திருகோணமலையிலும் மக்கள் வரிசையில் காத்து நின்றனர். கிடைத்த 20 லீற்றரில் எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதே அன்று ஒவ்வொரு குடும்பத்தினதும் கேள்வியாக இருந்தது.

எரிபொருட் சிக்கனம் என்றால் என்ன?

1 லீற்றர் எரிபொருளில் வாகனம் செல்லும் தூரமே இதுவாகும். தாங்கியை முழுமையாக நிரப்பி, மீற்றர் வாசிப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் முழுமையாக நிரப்பும்போது ஊற்றிய அளவைக் குறியுங்கள்.

உதாரணம்: சென்ற தூரம் 420 கி.மீ., ஊற்றிய பெற்றோல் 30 லீற்றர்.
சிக்கனம் = 420 ÷ 30 = லீற்றருக்கு 14 கி.மீ.

இக்கார் 20 லீற்றரில் 280 கி.மீ. செல்லும். லீற்றருக்கு 10 கி.மீ. செல்லும் கார் 200 கி.மீ. மட்டுமே செல்லும். வித்தியாசம் 80 கி.மீ. ஆகும். இது திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குச் சென்று திரும்பும் தூரத்திற்கு ஏறத்தாழச் சமனாகும்.

பாதிக்கும் காரணிகள்

1. அடிக்கடி நிறுத்துதல்: 1000 கி.கி. திணிவுள்ள கார் மணிக்கு 36 கி.மீ. (செக்கனுக்கு 10 மீற்றர்) வேகத்தில் செல்கின்றது எனக் கொள்வோம்.
இயக்கசக்தி = ½ × 1000 × 10 × 10 = 50 000 யூல்.
பிரேக் பிடித்ததும் இச்சக்தி வெப்பமாக வீணாகின்றது. மீண்டும் புறப்பட அதே அளவு சக்தியை எரிபொருளே வழங்க வேண்டும். சந்தைப் பகுதியில் பத்து முறை நின்று புறப்பட்டால் இவ்விழப்பும் பத்து மடங்காகும். ஹைபிரிட் கார்கள் இச்சக்தியில் ஒரு பகுதியை மின்கலத்தில் மீளச் சேமிப்பதனால் நகர ஓட்டத்தில் சிக்கனமானவை.

2. உயர் வேகம்: வேகம் இரு மடங்கானால் வளித்தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். கூரையின் மேல் பொருட்களைக் கட்டினாலும் வளித்தடை கூடும்.

3. நின்ற நிலையில் எஞ்சின் இயங்குதல்: தூரம் பூச்சியம், எரிபொருளோ தொடர்ந்து செலவாகும்.

4. டயரின் வளியமுக்கம்: அமுக்கம் குறைந்தால் டயர் கூடுதலாக நசிந்து, உருளும்போது ஏற்படும் தடை அதிகரிக்கும்.

5. சுமையும் ஏற்றமும்: திணிவு கூடினால் ஆர்முடுகுவதற்கும் மேடேறுவதற்கும் கூடுதல் வேலை செய்யப்பட வேண்டும்.

6. குறுந்தூரப் பயணம்: குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. அது சூடாகுமுன் பயணமே முடிந்துவிடும்.

7. குளிரூட்டியும் பராமரிப்பும்: குளிரூட்டியின் அமுக்கியை எஞ்சினே இயக்குகின்றது. அழுக்கடைந்த வளி வடிகட்டி, தேய்ந்த தீப்பொறிச் செருகி என்பனவும் எஞ்சினின் செயற்பாட்டைப் பாதிக்கலாம்.

கவனிக்க: “வேகம் குறையக் குறைய எரிபொருள் மீதமாகும்” என எழுதாதீர்கள். மிகக் குறைந்த வேகத்தில் தாழ் கியரில் ஓடுவதும் சிக்கனமன்று. மிதமான, சீரான வேகமே சிறந்தது.

மாதிரி வினா

உவர்மலையிலிருந்து பாடசாலைக்கு நாளாந்தம் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் கார் லீற்றருக்கு 9 கி.மீ. ஓடுகின்றது. அதே கார் கந்தளாய் வீதியில் 14 கி.மீ. ஓடுகின்றது. காரணங்கள் மூன்று தருக.

விடை
(அ) நகரில் அடிக்கடி நிறுத்துவதால் இயக்கசக்தி வெப்பமாக இழக்கப்படல்.
(ஆ) தூரம் குறைவாதலால் எஞ்சின் போதியளவு சூடாகாமை.
(இ) நெரிசலில் நிற்கும்போதும் எஞ்சின் இயங்குதல்.

காரணியை மாத்திரம் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அது சக்தியை எவ்வாறு வீணாக்குகின்றது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தெழுதினாலே விடை முழுமை பெறும்.