புகை நின்றாலும் தணியாத அழற்சி: நுரையீரல் மூப்பை ஆராயும் பீட்டர் பார்ன்ஸ்

புகைப்பழக்கத்தைக் கைவிட்டுப் பல ஆண்டுகள் கடந்த பின்னரும் சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகள் பலருக்கு நுரையீரல் அழற்சி தணிவதில்லை. மருத்துவர்களை நெடுங்காலமாக உறுத்திவரும் புதிர் இது. நுரையீரலின் உயிரணுக்கள் காலத்துக்கு முன்பே மூப்படைவது இதற்கு முக்கியக் காரணம் என்கிறார் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அறிவியலாளர் பீட்டர் பார்ன்ஸ்.

ஆஸ்துமாவை நன்கு கட்டுப்படுத்தும் உள்ளிழுப்பு ஸ்டீராய்டு, சிஓபிடி நோயாளிகளில் பெரும்பாலோருக்குப் போதிய பலன் தருவதில்லை. அழற்சி மரபணுக்களை அடக்கிவைக்க உதவும் எச்டிஏசி2 என்ற நொதி அவர்களின் நுரையீரலில் குறைந்திருப்பதை பார்ன்ஸ் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியது. உயிரணு மூப்பு பற்றிய ஆய்வுகள் அதன் தொடர்ச்சியாக விரிவடைந்தன.

சேதம் அளவுக்கு மீறும்போது உயிரணு பிரிவதை நிறுத்திக்கொள்கிறது, ஆனால் இறப்பதில்லை. சேதமடைந்த உயிரணு புற்றாகப் பெருகாமல் தடுக்கும் இயற்கையான காப்பு ஏற்பாடு இது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மூப்படைந்த உயிரணுக்கள் அழற்சியைத் தூண்டும் புரதங்களையும், திசுவைச் சிதைக்கும் நொதிகளையும் இடைவிடாது சுரக்கின்றன. அண்டை உயிரணுக்களையும் மூப்படையச் செய்கின்றன. வெளிப்புகை நின்ற பின்னும் உட்சேதம் தொடர்வதை இது விளக்குகிறது.

புகையால் விளையும் ஆக்சிஜனேற்ற அழுத்தம், மைக்ரோ ஆர்என்ஏ-34ஏ என்ற நுண்மூலக்கூறை அதிகரிக்கச் செய்கிறது. அது, மூப்பைத் தள்ளிப்போடும் சர்டுயின் புரதங்களைக் குறைத்துவிடுகிறது. நோயாளிகளின் சுவாசப்பாதை உயிரணுக்களில் இந்த மூலக்கூறைத் தடுத்தபோது சர்டுயின் அளவு உயர்ந்து, மூப்பின் அடையாளங்கள் குறைந்ததாக இக்குழுவின் 2016-ஆம் ஆண்டு ஆய்வு தெரிவிக்கிறது. இது ஆய்வகத்தில் கிடைத்த முடிவு மட்டுமே.

சிஓபிடி புகைபிடிப்பவர்களின் நோய் மட்டுமன்று. புணேயைச் சேர்ந்த ஆய்வாளர் சந்தீப் சால்வியுடன் இணைந்து பார்ன்ஸ் 2009-இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை, இந்நோயாளிகளில் 25 முதல் 45 சதவீதம் பேர் ஒருபோதும் புகைபிடிக்காதவர்கள் என மதிப்பிட்டது. விறகு, சாண வறட்டி அடுப்புகளின் புகையே அதில் முதன்மையாகச் சுட்டப்பட்டது. 2016-இல் சுமார் 5.5 கோடி சிஓபிடி நோயாளிகள் இருந்ததாக மதிப்பிடப்பட்ட இந்தியாவுக்கு இது அயல்நாட்டுச் செய்தி அன்று.

மூப்படைந்த உயிரணுக்களை மட்டும் தேடி அழிக்கும் மருந்துகள் இப்போது பரிசோதிக்கப்படுகின்றன. நுரையீரல் திசு தழும்பாகும் வேறொரு நோயான ஐபிஎஃப் உள்ள 14 பேருக்கு, ரத்தப் புற்றுநோய் மருந்தான டாசாடினிப்பும், வெங்காயத்திலும் காணப்படும் குவெர்செட்டினும் 3 வாரங்கள் சேர்த்து அளிக்கப்பட்டன. 2019-இல் வெளியான முடிவின்படி அவர்களின் நடைத்திறன் மேம்பட்டது. நுரையீரல் செயல்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. ஒப்பீட்டுக் குழு இல்லாத இச்சிறு முயற்சியை வைத்து நம்பிக்கையைப் பெருக்கிக்கொள்வது அவசரமாகும். காயம் ஆறுவதற்கும் மூப்படைந்த உயிரணுக்கள் துணைபுரிகின்றன என்பதால், அவற்றை எந்த அளவுக்கு அகற்றலாம் என்ற கேள்வியும் எஞ்சியுள்ளது.