தொலைக்கட்டுப்பாட்டு மாதிரிப் பீரங்கி வண்டி

தொலைக்கட்டுப்பாட்டு மாதிரிப் பீரங்கி வண்டி என்பது உண்மையான பீரங்கி வண்டியைக் குறித்த அளவுவிகிதத்தில் சிறிதாக்கி, வானலை மூலம் இயக்கும் மாதிரி ஆகும். 1:16, 1:35 ஆகிய விகிதங்கள் பரவலானவை. சப்பானின் தாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட பாந்தர் மாதிரியிலிருந்து 1:35 வந்தது. உள்ளே மின்கலங்கள் அடங்கவேண்டும் என்ற தேவையே அந்த அளவைத் தீர்மானித்தது.

திட்டமிடல்

விகிதத்தை முடிவு செய்யுமுன் மின்னோடி வாங்குவது பெரும்பாலும் வீண்செலவு. இரண்டாம் உலகப் போர்க்கால செருமானிய டைகர் 1 வண்டியை 1:16 இல் அமைப்பதாகக் கொள்வோம். பீரங்கிக் குழல் நீங்கலாக அதன் நீளம் ஏறத்தாழ 6.3 மீட்டர், மாதிரியில் 39 செ.மீ. எடையோ 16×16×16, அதாவது 4096இல் ஒரு பங்காகிறது: 57 டன் 14 கிலோகிராமாகும். நெகிழி மாதிரிகள் இதைவிட மிக இலேசானவை. மணிக்கு 38 கி.மீ. வேகம் 2.4 கி.மீ. ஆகிறது, இது மனிதர் நடப்பதிலும் மெதுவானது. எனவே வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைக் கூட்டும் பற்சக்கரப் பெட்டி தேவை.

இரு பட்டைகளுக்கும் தனித்தனி மின்னோடிகள் உண்டு. நின்ற இடத்திலேயே திரும்பும்போது பட்டைகள் பக்கவாட்டில் தரையை உரசுவதால், நேராக ஓடுவதைவிட மின்னோட்டம் வெகுவாக உயரும். வேகக் கட்டுப்படுத்தியை இந்த அளவுக்கே தேர்ந்தெடுக்க வேண்டும். நேரோட்டத்தை மட்டும் கணக்கிட்டால் முதல் திருப்பத்திலேயே அது கருகக்கூடும். சுழற்கோபுரம் முழுவட்டமாகத் தொடர்ந்து சுழன்றால் கம்பிகள் முறுக்கி அறுந்துவிடும். நழுவு வளையம் பொருத்தலாம். சுழற்சிக்குத் தடை வைப்பது எளிது.