ஐந்தாண்டு இடைவெளியும் வாவிக்கரையின் கார்ச் சந்தையும்

கையிலுள்ள ஒரே தொகைக்குப் புதிய சிறு கார் ஒன்றை வாங்குவதா, கைமாறி வரும் உயர்தரக் கார் ஒன்றை வாங்குவதா என்னும் கேள்விக்குப் பிற நாடுகளில் வழங்கும், விலை இறங்கிய பழைய உயர்தரக் காரே மேல் என்ற விடை மட்டக்களப்பு வாவிக்கரைக்கு அப்படியே பொருந்துவதில்லை. பாவிக்கப் பாவிக்க வாகனத்தின் பெறுமதி குறையும் என்ற விதியை நம்பியே அவ்விடை சொல்லப்படுகிறது. இலங்கையிலோ அந்த விதியே குலைந்து போயிற்று. அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதியே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் புதிய வரவு நின்றதோடு ரூபாயின் மதிப்பும் சரிந்தமையால், பல பழைய கார்கள் வாங்கிய விலைக்கும் மேலாக விற்கப்பட்டன.

அந்த இடைவெளியின் தழும்பு இன்றைய சந்தையிலும் தெரிகிறது. பிரீமியோ, அலியன் போன்ற யப்பானியக் கார்களாயினும் ஜேர்மனியக் கார்களாயினும், இங்கு கைமாறுபவற்றுட் பெரும்பாலானவை 2020க்கு முன் வந்தவை. ஆகவே, மூன்று நான்கு ஆண்டுகள் மட்டுமே ஓடி விலை இறங்கிய உயர்தரக் கார் என்ற இனம் இங்கு அரிது. மறுபுறம், யப்பானில் சிறிதுகாலம் ஓடி, மூன்று ஆண்டுக்கு மேற்படாத வயதில் இறக்குமதியாகி, இங்கு முதன்முறை பதிவாகும் 'ரீகண்டிஷன்' கார்களையும் மக்கள் புதியவையாகவே எண்ணுகின்றனர். உற்பத்தி வரி இயந்திரக் கொள்ளளவை, அதாவது சீசீ அளவை, ஒட்டிக் கணக்கிடப்படுவதால், 660 சீசீ வகன் ஆர் போன்றவை சிறு குடும்பங்களின் முதல் தெரிவாகின்றன.

வாங்கும் விலையைவிட, வாங்கியபின் வாவிக்கரை கேட்கும் விலையே கூடுதலாக ஆராயப்பட வேண்டியது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில், கல்லடி முதல் களுவாஞ்சிக்குடி வரை, உப்புக்காற்று காரின் அடித்தகட்டையும் பிரேக் குழாய்களையும் ஓயாது அரிக்கிறது. மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டபின் கொக்கட்டிச்சோலை உள்ளிட்ட, வாவியின் மேற்குப்புறமான படுவான்கரைக்குக் கார் செல்வது எளிதாயிற்று. ஆயினும், வடகீழ்ப் பருவமழையில் வாவி நிறைந்து, முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிட வேண்டிய நாட்களில், தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் நிற்கிறது. உயர்தரக் கார்கள் பலவற்றில் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கைக்கும் தரைவிரிப்புக்கும் கீழே இருப்பதால், ஒருமுறை உட்புகும் நீரே பல இலட்சம் ரூபாய்ச் செலவை வரவழைக்கக்கூடும். அவற்றின் உதிரிப்பாகமோ 300 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்து வரவேண்டும். அதுவரை கார் கராஜில் நிற்கும், குடும்பம் முச்சக்கரவண்டிக்குக் காசு கொடுக்கும். எரிபொருட் செலவும் சிறிதன்று: 2022இல் எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை தொடங்கியபோது காருக்கு வாரம் 20 லீற்றரே கிடைத்தது, அந்த அளவில் சிறு இயந்திரக் கார் கூடுதல் தூரம் ஓடியது.

எனினும் பழைய உயர்தரக் காரின் பக்கமும் வலுவான நியாயம் உண்டு, அது பகட்டு சார்ந்ததன்று. சிகிச்சைக்காக அடிக்கடி கொழும்பு செல்லும் குடும்பம் இரவில் ஹபரணை வழியே, யானைகள் குறுக்கிடும் வீதியில், பயணிக்க நேரிடலாம். அங்கு காரின் எடை, உறுதியான உடற்கட்டு, காற்றுப்பைகள் ஆகியவை உயிரோடு தொடர்புடையவை. காற்றுப்பை இல்லாத மலிவுப் புதிய காரை அத்தகைய குடும்பத்திற்குப் பரிந்துரைப்பது தவறு. ஆனால் வேலைத்தலம், பாடசாலை, சந்தை என வாவிக்கரையிலேயே நாள் கழியும் குடும்பத்திற்குக் காற்றுப்பைகளுள்ள சிறிய காரே தகும்.

பழையதையே தெரிவுசெய்பவர், இருக்கைப் பட்டியை முழுதாக இழுத்து அதன் அடியில் சேற்றுக்கறை உண்டா என்று பார்ப்பதும், தரைவிரிப்பைத் தூக்கித் துருவைத் தேடுவதும், ஹைபிரிட் ஆயின் மின்கலத்தைக் கணினியால் பரிசோதிப்பிப்பதும், ஓடுதூர மானியின் எண்ணைப் பராமரிப்புப் பதிவுகளோடு ஒப்பிடுவதும் முற்பணம் கைமாறுமுன் செய்ய வேண்டியவை. விற்பவர் இவற்றுக்கு இணங்காவிடில், பதிவுப் புத்தகம் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அந்தக் காரை விட்டுவிடுவதே நல்லது.