கிரவுன் பினியனை நாமே மாற்றலாமா?

(வண்டிக்கு அடியில் – 17)

சென்ற வாரம் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டோடு நிறுத்தியிருந்தோம். அது போய்ச் சேரும் இடம், பின் அச்சின் நடுவில் உருண்டு திரண்டு நிற்கும் ஹவுசிங். அதற்குள் இருப்பவை கிரவுன், பினியன் என்ற இரண்டு பல்சக்கரங்கள். எஞ்சினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சி இங்கேதான் பக்கவாட்டில் திரும்பிச் சக்கரங்களுக்குப் போகிறது.

தன் வண்டியைத் தானே பழுது பார்க்கிறவர்கள் கிளட்ச் வரைக்கும் துணிந்து போய்விடுகிறார்கள். கிரவுன் பினியன் என்றதும் கை நின்றுவிடுகிறது. அந்தத் தயக்கம் நியாயமானது. அதற்காக நம்மால் ஆகாத வேலை என்று ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். இதற்கு வேண்டிய முதல் தகுதி அளந்து பார்க்கும் பழக்கம். அது இருக்கிறவர் செய்யலாம். இல்லாதவர், முப்பது வருட மெக்கானிக்காக இருந்தாலும், தொடக்கூடாது.

எதற்காக மாற்றுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். இரண்டு காரணங்கள்தான் உண்டு. ஒன்று, பல் தேய்ந்தோ உடைந்தோ போயிருக்க வேண்டும். இன்னொன்று, பல் விகிதத்தை மாற்ற நாமே ஆசைப்பட வேண்டும்.

விகிதம் என்பதற்குப் பழைய ஜீப்பை எடுத்துக்கொள்கிறேன். வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பின் பின் அச்சு டானா 44 வகை. விகிதம் 5.38. அதாவது கிரவுனில் 43 பற்கள், பினியனில் 8 பற்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.38 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். மகிந்திரா இங்கே தயாரித்த ஜீப்புகளும் இந்த வழியில் வந்தவைதான். வயலுக்கும் மலைக்கும் போர்முனைக்கும் ஏற்ற விகிதம் அது. ஆனால் அதே ஜீப்பை நான்குவழிச் சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பழைய 6.00-16 டயரில், டாப் கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,250 முறை சுற்றிக் கதறும். 4.27 விகிதமுள்ள செட்டைப் போட்டால் அதே வேகத்துக்கு 2,600 போதும். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா?

இதற்குக் கொடுக்கும் விலையையும் பாருங்கள். சக்கரத்துக்குப் போகும் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு மலையேறுகிற ஜீப்புக்கு இது பெரிய இழப்பு. அடுத்து, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் பின் அச்சை மட்டும் மாற்ற முடியாது. முன் அச்சுக்கும் அதே விகிதம் வேண்டும். இல்லாவிட்டால் நான்கு சக்கர இழுவையைப் போட்ட மறுநிமிடம் முன்னும் பின்னும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து, பலவீனமான பாகம் எதுவோ அது உடையும். செலவு இரட்டிப்பு, வேலையும் இரட்டிப்பு. 4.27-உம் போதாது, 3.73 வேண்டும் என்று நினைத்தால் இன்னொரு சங்கதி இருக்கிறது. டானா 44-ல் கிரவுன் உட்காரும் கேரியரே அந்த விகிதத்துக்கு வேறு. இத்தனையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால், மலைக்கு உழைக்கும் ஜீப்புக்கு 5.38-ஐ விட்டுவைப்பதே நல்லது என்பேன். நெடுஞ்சாலைப் பயணத்துக்காகவே வைத்திருக்கும் ஜீப் என்றால் மாற்றத்தில் அர்த்தம் உண்டு.

இனி, சத்தத்துக்காக மாற்ற நினைப்பவர்கள். இங்கேதான் அதிகம் பணம் வீணாகிறது. பின்பக்கம் ஊளைச் சத்தம் கேட்டால் உடனே “கிரவுன் போச்சு” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தும்போது ‘டங்’ என்று ஒரு அடி கேட்டால் யூ-ஜாயின்ட்டையும் ஸ்ப்ளைனையும் பாருங்கள். திருப்பத்தில் மட்டும் கடகடத்தால் உள்ளே இருக்கும் சிறிய ஸ்பைடர் பற்களையோ சக்கர பேரிங்கையோ சந்தேகிக்கலாம். ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமல், வேகத்தோடு மட்டும் கூடிக் குறைகிறது என்றால் பெரும்பாலும் பேரிங். மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால்தான் கிரவுன் பினியன் பற்கள் பக்கம் பார்வை போக வேண்டும். மாறாக, காலை எடுக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஆயிலை வடித்துப் பார்ப்பது. ட்ரெய்ன் பிளக்கின் காந்தத்தில் மை போன்ற நைசான பொடி ஒட்டியிருந்தால் கவலை இல்லை. அது இயல்பான தேய்மானம். விரலில் குத்துகிற துணுக்கு கிடைத்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. இந்தப் பரிசோதனைக்கு யாரையும் தேட வேண்டாம். ஒரு ஸ்பானரும் ஒரு தட்டும் உங்களிடம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே முடித்துவிடலாம்.

ஆயில் விஷயத்தில் இந்தப் பற்கள் ஏன் இவ்வளவு கண்டிப்பானவை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1920-களில் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்து கிளீசன் நிறுவனம் ஹைப்பாய்டு என்ற பல்லமைப்பைக் கொண்டுவந்தது. 1926 வாக்கில் பேக்கார்ட் கார்கள் அதை ஏற்றுக்கொண்டன. அதுவரை பினியன் கிரவுனின் மையத்துக்கு நேராக இருந்தது. ஹைப்பாய்டில் அது மையத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. அதனால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது, பினியனும் பருத்து வலுவானது. ஆனால் பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் தொடங்கின. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். கந்தகமும் பாஸ்பரசும் கலந்த, மூக்கைத் துளைக்கும் வாடையுள்ள ஜிஎல்-5 ஆயிலைக் கேட்பது இதனால்தான். எந்த கிரேடு என்பதை வண்டியின் புத்தகத்தில் பார்த்து ஊற்றுங்கள். கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்காதீர்கள்.

சரி, பல் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் விற்கப்படும். தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தியவை. ஒன்றை மட்டும் மாற்றுவது, வேறு ஜோடியிலிருந்து ஒன்றைச் சேர்ப்பது இரண்டும் கூடவே கூடாது.

கழற்றி மாட்டுவது இந்த வேலையில் சின்னப் பகுதி. பெரிய பகுதி நான்கு அளவுகளைச் சரிசெய்வது. பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும், அதன் பேரிங்குகள் எவ்வளவு இறுக்கத்தில் சுற்ற வேண்டும், கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில் எவ்வளவு ‘பிளே’ இருக்க வேண்டும், கேரியர் பேரிங்குகள் எவ்வளவு அழுந்தியிருக்க வேண்டும். டானா 44-ல் பிளே 0.13 முதல் 0.23 மி.மீ. வரை. இரண்டு மூன்று தலைமுடி கனம்தான் அது. கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளந்தால் இடத்துக்கு இடம் 0.05 மி.மீ.க்கு மேல் வேறுபடக் கூடாது. “கையால ஆட்டிப் பார்த்தாலே தெரிஞ்சிடும் தம்பி” என்று சொல்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இந்த அளவு கைக்குத் தெரியாது. டயல் கேஜுக்குத்தான் தெரியும்.

பினியன் பேரிங் இறுக்கமும் அப்படியே. புது பேரிங் என்றால், பினியனை மட்டும் சுற்ற ஏறக்குறைய 23 முதல் 46 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசை தேவைப்பட வேண்டும். சக்கர நட்டு முடுக்கும் பெரிய டார்க் ரென்ச் இவ்வளவு சின்ன அளவைக் காட்டாது. முள் நகர்ந்து காட்டும் சிறிய ரென்ச் வேண்டும். அதே பினியனின் நட்டை இறுக்க 200 அடி-பவுண்டுக்கு மேல் போக வேண்டியிருக்கும். ஒரே துண்டில் இரண்டு எதிரெதிர் அளவுகள்.

ஆழத்தை மாற்றுவது ஷிம் என்ற மெல்லிய தகடுகள். பினியன் தலையில் +2, -1 என்று ஒரு எண் செதுக்கியிருக்கும். அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு விலகல் என்பதன் கணக்கு அது. பழைய பினியனின் எண்ணையும் புதியதன் எண்ணையும் ஒப்பிட்டால் எந்தக் கனத்தில் தொடங்கலாம் என்று தெரியும். தொடங்கலாம், அவ்வளவுதான். பிறகு பற்களில் மஞ்சள் சாயம் தடவி, சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். தடம் பல்லின் உச்சியில் ஏறியிருந்தால் பினியன் தள்ளி நிற்கிறது. அடிவாரத்தில் இறங்கியிருந்தால் அதிகம் உள்ளே போய்விட்டது. இரண்டுக்கும் நடுவில், ஓரங்களைத் தொடாமல் விழும் வரை பினியனை வெளியே எடுத்து, பேரிங்கைப் பிரஸ்ஸில் கழற்றி, ஷிம் மாற்றி, மறுபடி ஏற்றி, மறுபடி சாயம் தடவ வேண்டும். ஆழத்தைத் தொட்டால் பிளே மாறும். பிளேயைத் திருத்தினால் தடம் நகரும். பொறுமை இழந்து “இது போதும்” என்று மூடிவிடும் இடம் இதுதான். வண்டி ஊளையிடப் போவதும் இதனால்தான்.

அடிக்கடி கழற்ற வேண்டியிருப்பதால் அனுபவசாலிகள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பழைய பேரிங்கின் உள்வட்டத்தைக் கொஞ்சம் தேய்த்துப் பெரிதாக்கி, பிரஸ் இல்லாமலே கையால் ஏற்றி இறக்கும்படி செய்துகொள்கிறார்கள். தடம் சரியான பிறகே புது பேரிங்கை ஏற்றுவார்கள். அருமையான உத்தி.

எந்த வகை அச்சு என்பதையும் பார்த்து முடிவெடுங்கள். 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அம்பாசடரின் அச்சில் கிரவுன், பினியன், கேரியர் மூன்றும் ஒரே தொகுப்பாக முன்பக்கம் கழன்று வரும். ஆயிலை வடித்து, ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளை இழுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை விடுவித்து, சுற்றியுள்ள நட்டுகளைக் கழற்றினால் தொகுப்பைத் தூக்கிக்கொண்டு போய் அளக்கத் தெரிந்தவர் மேசையில் வைத்துவிடலாம். பாதி வேலை நம்முடையது, நுட்பமான பாதி அவருடையது. இந்த வகைக் கார் வைத்திருப்பவர்களுக்கு நான் தாராளமாகச் சொல்வேன்: செய்யுங்கள்.

ஜீப்பின் டானா அச்சில் அந்த வசதி இல்லை. ஹவுசிங்கே அச்சின் உடம்பு. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அளக்க வேண்டும். அல்லது முழு அச்சையும் இறக்க வேண்டும். கேரியரை வெளியே எடுக்க ஹவுசிங்கைச் சற்றே விரிக்கும் கருவி வேண்டும்; 0.5 மி.மீ.யைத் தாண்டி விரித்தால் ஹவுசிங் கோணிக்கொள்ளும். வில்லிஸ் காலத்து டேப்பர் ஷாஃப்ட் என்றால் ஹப்பைக் கழற்றத் தனி புல்லரும் தேவை. பிரஸ் வைத்திருக்கும் லேத் பட்டறை பக்கத்தில் இருந்து, டயல் கேஜ் வாங்கி, வண்டி சில வாரம் நின்றாலும் பிழைப்பு நிற்காது என்றால் இறங்குங்கள். அந்த வண்டியை நம்பித்தான் வீட்டில் அடுப்பெரிகிறது என்றால் வேண்டாம்.

இறங்குபவர்களுக்கு இரண்டே எச்சரிக்கை. ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். கனமான ஸ்டாண்டுகளைச் சமதளத்தில் வைத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பேரிங் மூடிகளைக் கழற்றும் முன் இடது எது, வலது எது, எந்தப் பக்கம் மேல் என்று பஞ்ச் அடித்துக்கொள்ளுங்கள். அவை ஹவுசிங்கோடு சேர்த்துக் கடைந்தவை. இடம் மாறினால் எந்த அளவும் சரியாக வராது.

மெக்கானிக்கிடம் கொடுப்பவர்கள், மூடியைப் போடும் முன் சாயத் தடத்தைப் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். டயல் கேஜில் பிளே எவ்வளவு காட்டியது என்று எழுதி வாங்குங்கள். அக்கறையாகச் செய்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார். புது செட் போட்டபின் முதல் ஓட்டம் கால் மணி நேரம், மெதுவாக. பிறகு நிறுத்தி அச்சை முழுக்க ஆறவிடுங்கள். முதல் 800 கி.மீ. வரை பாரம் ஏற்றாதீர்கள், எதையும் கட்டி இழுக்காதீர்கள். அந்த 800 முடிந்ததும் ஆயிலை மாற்றிவிடுங்கள்.