மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்!

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தேடினாலும் ஒரு குன்றைக் காண முடியாது. மேம்பாலத்து ஏற்றந்தான் வடசென்னைக்காரர் அறிந்த மலை! ஆயினும் ஷிப்டு மாறும் வேளையில் சாலையோரம் நின்று பார்த்தால், கறுப்புச் சைக்கிள்களுக்கு நடுவே தடித்த டயரும் கியரும் கொண்ட 'மவுண்டன் பைக்'குகளும் வரக் காணலாம்.

1970-களில் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் தமால்பயஸ் மலைச் சரிவுகளில் பழைய சைக்கிள்களில் இறங்கி விளையாடிய இளைஞர்கள் உருவாக்கிய வாகனம் இது. மேடு ஏறப் பிறந்ததைச் சமதரையில் ஓட்டுகிறவருக்கு ஒரு மனக்குறை உண்டு. "எவ்வளவு மிதித்தாலும் ஓடமாட்டேன் என்கிறதே! முன் பல்சக்கரத்தைப் பெரிதாக்கினால் பறக்குமா?"

சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். இவ்வகைச் சைக்கிள்கள் பலவற்றில் முன்பக்கத்துப் பெரிய சக்கரத்துக்கு 42 பற்கள். பின்னால் பிரீவீலில் சிறியதற்கு 14. பெடல் ஒரு சுற்று வந்தால் பின்சக்கரம் 3 சுற்று வரும். வண்டி 6 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். நிமிஷத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 22 கிலோமீட்டர். அதே கியரில் 80 சுற்று மிதித்தால் 29! இதற்குக் காலணா செலவில்லை. கனமான கியரைப் போட்டு மெல்ல மெல்ல அழுத்துவதே வீரம் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களிடம் முழங்கால் பிற்பாடு கணக்குத் தீர்த்துக்கொள்ளும்.

80 சுற்றும் அநாயாசமாக மிதித்து, 'இன்னும் வேண்டும்' என்பவருக்கே பெரிய சக்கரம். 48 பல் போட்டால் பெடல் சுற்றுக்கு 7 மீட்டர். மணிக்கு 33 கிலோமீட்டரைத் தாண்டலாம். தாண்டலாமே தவிர, காற்று சும்மா விடுமா? 24 கிலோமீட்டர் வேகத்தை 30 ஆக்க, காற்றை எதிர்ப்பதற்கு மட்டுமே ஏறக்குறைய இரண்டு பங்கு சக்தி வேண்டும். அதிலும் இது கடலோரச் சாலை. கார்த்திகை வாடையில் எண்ணூர் நோக்கி மிதித்தவருக்கு, 42 பல்லே மலையாகத் தோன்றியிருக்கும். சிறிய சக்கரங்களைக் கழற்றி எறிய நினைப்பவர்கள் அந்த மாதம் வரை பொறுத்திருப்பது நல்லது.

முதலில் மாற்றவேண்டியது டயர். மேடும் பள்ளமுமான முரட்டு டயர் தார்ச்சாலையில் 'ஙொய்' என்று இரைவது வீணாகும் உழைப்பின் சத்தம். ஒன்றரை அங்குல வழவழப்பு டயர் மாட்டி, அதன் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்குக் காற்றடித்தால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். 20 கிலோமீட்டர் வேகம் 25 ஆனால் எட்டு நிமிஷம் மிச்சம். வேலைக்குப் போகிறவனுக்கு எட்டு நிமிஷம் அற்பமல்ல. ஆனால் மெல்லிய டயர் தண்டவாளத்து இடுக்கில் எளிதில் சிக்கும். குறுக்கே நேராகத்தான் கடக்கவேண்டும். பின்னால் கன்டெய்னர் லாரி வருகிற சாலையில் விழுவதற்கு இடமேது?

பல்சக்கரத்தையும் மாற்றியே தீருவேன் என்பவர் கடைக்குப் போகுமுன் கிராங்கைக் குனிந்து பார்க்கட்டும். விலை குறைந்த வண்டிகளில் சக்கரங்களை ஆணி அறைந்து இணைத்திருப்பார்கள். ஒன்றை மட்டும் கழற்ற முடியாது, கிராங்க் முழுவதையும் வாங்கவேண்டும். பெரிய சக்கரம் சட்டத்தில் உரசாமல் இருக்கவேண்டும்; செயினைத் தள்ளும் முன் கருவியை மேலே ஏற்றவேண்டும். தேய்ந்த செயின் புதுப் பல்லில் வழுக்கும்.

பலர் மறப்பது செயினின் நீளம். பெரிய சக்கரத்துக்குச் செயினும் நீளவேண்டும். பழைய செயினையே விட்டுவிட்டு, முன்னும் பின்னும் பெரிய பல்லில் தெரியாமல் போட்டுவிட்டால், செயின் விறைத்துப் பின் கியர் கருவியையே பிய்த்தெடுத்துவிடும். ஆகவே கடையிலேயே வண்டியைத் தூக்கி நிறுத்தி, அந்த இரண்டு பெரிய பல்லிலும் செயினை ஏற்றி, கையால் பெடலைச் சுற்றிப் பார்த்த பிறகே கூலி கொடுக்கவேண்டும்.